நீரிழிவு நோயில் வைட்டமின்களும் தாதுப் பொருள்களும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட் என்னும் மருத்துவர் இரத்த நோய்களை ஆராய்ந்து வந்தார். 1921-ஆம் ஆண்டில் அவரையே நீரிழிவு நோய் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து கிடையாது. உணவைக் கடுமையாகக் குறைத்து, உடல் மெலிய மெலிய நாட்களைக் கடத்துவதே சிகிச்சையாக இருந்தது. அவருடைய நற்பேறாக, அதே ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1923-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைனாட்டுக்கு அம்மருந்து கிடைத்தது, அவர் பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. 1926-இல் அவரும் வில்லியம் மர்ஃபி என்பவரும் சேர்ந்து, அதுவரை நோயாளிகளைத் தவறாது கொன்று வந்த ஒருவகை இரத்தச் சோகையை, நாள்தோறும் ஈரலை உணவாகக் கொடுத்துத் தணிக்கலாம் என்று அறிவித்தனர். இதற்காக 1934-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

ஈரலில் ஒளிந்திருந்த பொருள் யாது என்பது விளங்க மேலும் 22 ஆண்டுகள் ஆயின. 1948-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே அது செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பெற்றது. அதுவே பி-12 வைட்டமின். அதன் மூலக்கூறின் நடுவே கோபால்ட் என்ற உலோகத்தின் அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. அதாவது, தாதுப் பொருள் ஒன்றைத் தன் வயிற்றில் தாங்கிய வைட்டமின் அது. அதன் முழு அமைப்பையும் ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி ஹாட்ஜ்கின் என்ற அம்மையார் 1956-இல் வரைந்து காட்டினார்.

நீரிழிவாளர் ஒருவர் பி-12 குறைவுக்கு மருந்து கண்டது அன்று தற்செயலே. ஆனால் இன்று நீரிழிவும் பி-12 குறைவும் ஒரே உடலில் சந்திப்பது தற்செயலன்று. நீரிழிவுக்கு நாம் முதன் முதலாகக் கொடுக்கும் மாத்திரையே அக்குறைவை நாளடைவில் உண்டாக்கக் கூடும். இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே. பிற சத்துக்கள் இடையிடையே வரும்.

கேட்கப்படும் கேள்வி

நமது நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர் என்றும், நீரிழிவின் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் மதிப்பிட்டது. இத்தனை பேர் உள்ள நாட்டில், சர்க்கரையைக் குறைக்கும் சத்து மாத்திரை எது என்னும் கேள்வி எழுவது இயல்பே.

பெங்களூரின் வடகிழக்கே, காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அணித்தாக உள்ள லிங்கராஜபுரத்தில் மாலை வேளையில் ஏதேனும் ஒரு மருந்துக் கடையின் முன் சிறிது நேரம் நின்றால், இக்கேள்வி தமிழிலும் கன்னடத்திலும் காதில் விழும். நீரிழிவுக்கெனத் தனியே விற்கும் சத்துக் குப்பிகளின் மேலட்டையில் குரோமியம், துத்தநாகம், மக்னீசியம், செலினியம், டி வைட்டமின் என்று நீண்ட வரிசை காணப்படும். ஒரு மாதத்துக்குரிய குப்பியின் விலை, ஒரு மாதத்துக்குரிய நீரிழிவு மாத்திரையின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். கைப்பணம் குறைந்தவர் இரண்டில் ஒன்றை விடவேண்டி வந்தால் எதை விடுகிறார் என்பதே கவலைக்குரிய செய்தி. மருந்து 'சூடு', சத்து 'நல்லது' என்ற எண்ணத்தால் மருந்தை நிறுத்திவிட்டுச் சத்தை உட்கொள்வோர் பலர் உளர்.

இதில் மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கும் ஓரளவு பொறுப்பு உண்டு எனலாம். 1912-இல் காசிமிர் ஃபங்க் என்ற போலந்து நாட்டு விஞ்ஞானி, உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாத அமீன் என்னும் பொருளில் 'வைட்டமின்' என்ற சொல்லைப் படைத்தார். அதனைத் தமிழில் 'ஜீவசத்து' என்றும் 'உயிர்ச்சத்து' என்றும் எழுதினோம். சொல் அழகியதுதான். ஆயினும் மிகுதியாக உண்டால் உயிர் மிகுதியாகும் என்ற மயக்கத்துக்கு அது இடமளித்துவிட்டது. வைட்டமின் பூட்டின் துளைக்கு எண்ணெய் போன்றது. இல்லையெனில் பூட்டு இறுகும்; குடம் குடமாக ஊற்றினால் கதவு தானாகத் திறந்துவிடாது.

எனவே கேள்விக்கு விடையை முதலிலேயே கூறிவிடலாம். நீரிழிவு மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ ஈடாக இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக நிறுவப்பெற்ற வைட்டமினோ தாதுப் பொருளோ எதுவும் இல்லை. ஆனால் குறைந்துபோனால் நீரிழிவாளருக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் சத்துக்கள் உண்டு. அக்குறைவைக் கண்டறிந்து ஈடுசெய்வது மருத்துவத்தின் கடமை.

மெட்ஃபார்மினும் பி-12 வைட்டமினும்

ஐரோப்பிய மருத்துவத்தில் பண்டைக் காலத்தில் பயன்பட்ட காலிகா என்ற செடியின் வேதிப் பொருளை ஒட்டிப் பிறந்தது மெட்ஃபார்மின். பிரெஞ்சு மருத்துவர் ஷான் ஸ்டெர்ன் 1957-இல் இதனை நீரிழிவுக்குப் பயன்படுத்தி வெளியிட்டார். ஈரல் தேவைக்கு மிகுதியாகச் சர்க்கரையை உற்பத்தி செய்வதை இது அடக்குகிறது. விலை குறைவு, பயன் மிகுதி, தனியே உட்கொண்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும் அச்சமும் அரிது. இத்தகைய மருந்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

பி-12 நம் உடலில் சேரும் வழி சற்றுச் சுற்றுவழியானது. உணவிலுள்ள புரதத்தோடு ஒட்டியிருக்கும் இவ்வைட்டமினை இரைப்பையின் அமிலம் முதலில் விடுவிக்கவேண்டும். பின்னர் இரைப்பைச் சுவரில் சுரக்கும் தனிப் புரதம் ஒன்று அதனைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைக்கோடி வரை துணை செல்லும். அங்கே குடற்சுவரில் உள்ள ஏற்பிகள் அவ்விரண்டையும் சேர்த்து உள்ளிழுத்துக்கொள்ளும். இவ்வேற்பிகள் வேலை செய்யக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் இவ்விடத்தில்தான் குறுக்கிடுகிறது என்று கருதுகின்றனர். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் உட்கொண்டவர்களுக்குக் கால்சியத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது பி-12 ஏற்பு மீண்டும் உயர்ந்தது இக்கருத்துக்கு ஆதரவாக உள்ளது.

இக்குறுக்கீட்டின் அளவைக் காட்டும் நல்ல சோதனை நெதர்லாந்தில் நடந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 390 நீரிழிவாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 850 மில்லிகிராம் மெட்ஃபார்மின் நாளுக்கு மூன்று வேளையும், மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகக் கொடுத்தனர். 2010-இல் வெளியான முடிவின்படி, மெட்ஃபார்மின் பிரிவில் இரத்தத்தின் பி-12 அளவு 19 சதவீதம் தாழ்ந்தது. சோதனை முடிவில் அப்பிரிவில் 9.9 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரைப் பிரிவில் 2.7 சதவீதத்தினருக்கும் பி-12 குறைவு காணப்பட்டது. ஆண்டு செல்லச் செல்ல இறக்கம் தொடர்ந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஈரலில் இவ்வைட்டமின் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால், மாத்திரை தொடங்கிய முதலாண்டில் ஒன்றும் தெரியாது. வங்கியில் பழைய இருப்பை எடுத்துச் செலவழிக்கும் குடும்பம் போல, முடைவரும் நாள் பிந்தியே வரும்.

நெதர்லாந்து மக்கள் பாலும் பாலாடைக் கட்டியும் இறைச்சியும் தாராளமாக உண்பவர்கள். அவர்கள் நிலையே இதுவாயின், நம் நிலை யாது? பி-12 வைட்டமினை எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன, விலங்குகளின் உடல் வழியாகவே நமக்குக் கிட்டுகிறது. ஈரல், மீன், இறைச்சி ஆகியவற்றில் மிகுதி. முட்டையிலும் பாலிலும் தயிரிலும் ஓரளவு. வயது வந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் இருக்கும். காலையும் மாலையும் காப்பியில் கலக்கும் பாலைக் கணக்கிட்டு மன நிறைவு கொள்வதற்கில்லை. இட்லி மாவு புளிப்பதாலும் பழைய சோற்றாலும் போதிய பி-12 கிடைத்துவிடும் என்று சிலர் கூறுவதை நம்பி இருத்தலும் கூடாது.

நமது அண்டையிலேயே இதற்குச் சான்று உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைக்கு 1997-98-இல் வந்த கருவுற்ற பெண்களில் 785 பேரின் இரத்தம் ஆராயப்பெற்று, முடிவு 2009-இல் வெளியிடப்பெற்றது. அவர்களுள் 43 சதவீதத்தினருக்குப் பி-12 குறைந்திருந்தது; போலிக் அமிலக் குறைவோ 4 சதவீதத்தினருக்கு மட்டுமே. பி-12 குறைந்த பெண்களில் 8.7 சதவீதத்தினருக்கும், குறையாதவர்களில் 4.6 சதவீதத்தினருக்கும் கர்ப்ப கால நீரிழிவு காணப்பட்டது. குறைவே நீரிழிவை உண்டாக்கிற்று என்று இதைக்கொண்டு முடிவு கட்டுதல் இயலாது. இரண்டும் ஒன்றாகக் காணப்பட்டன என்றே கூறலாம். புனா நகரை அடுத்த கிராமங்களில் தாய்மாரையும் அவர்களுடைய குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வெளியிட்ட செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கர்ப்பத்தின்போது பி-12 குறைந்தும் போலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகள் ஆறு வயதில் இன்சுலினுக்கு மிகுந்த எதிர்ப்பைக் காட்டினர். அத்தாய்மாருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பி-12 குறைந்திருந்தது.

ஆகவே நம் நாட்டு நீரிழிவாளர் பலர், மெட்ஃபார்மினைத் தொடங்கும் நாளிலேயே இருப்புக் குறைந்தவர்களாய் இருக்கக் கூடும். முதுமையில் இரைப்பை அமிலம் குறைவதும், நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை உட்கொள்ளுவதும் சேர்ந்துகொண்டால் இருப்பு இன்னும் விரைவில் கரையும்.

பாத எரிச்சல்

இக்குறைவின் விளைவு இரத்தச் சோகையோடு நின்றால் அவ்வளவு கவலை இல்லை. பி-12 குறைந்தால் நரம்பிழைகளின் மேலுறை சிதையும். பாதம் எரியும், மதமதக்கும், ஊசி குத்துவது போலிருக்கும். இருட்டில் நடக்கத் தடுமாற்றம் வரும். நாக்கு சிவந்து வழவழப்பாகலாம். மறதியும் மனச்சோர்வும் தோன்றலாம். முதல் இரண்டு மூன்று குறிகளும் நீரிழிவால் நரம்பு கெடும்போது தோன்றும் குறிகளே. நோயாளியும் வீட்டாரும் இது சர்க்கரையால் வருவது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். வேலைப்பளு மிகுந்த வைத்தியசாலைகளில் மருத்துவரும் சில வேளை அவ்வாறே எண்ணிவிடலாம். சர்க்கரையால் கெட்ட நரம்பை மீட்பது கடினம். பி-12 குறைவால் கெடத் தொடங்கிய நரம்பை உரிய காலத்தில் சிகிச்சை செய்தால் பெரிதும் மீட்கலாம். காலந்தாழ்ந்தால் அச்சேதமும் நிலைத்துவிடும். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கடித்தாலும் தெரியாது. புண் புரையோடிக் காலை இழக்கும் நிலைக்குச் செல்லும் வழி இவ்வாறுதான் தொடங்குகிறது.

இரத்தச் சோகை இல்லை என்பதால் பி-12 குறைவு இல்லை என்று கொள்ளலாகாது. இங்கே போலிக் அமில மாத்திரை ஒரு பொறியாக அமைகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆராய்ச்சிக் கூடத்தில் 1940-களில் இவ்வமிலம் செயற்கையாக உருவாக்கப்பெற்றது; கருவுற்ற தாய்மார்க்கு அது செய்யும் நன்மை பெரிது. ஆனால் பி-12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்போ உள்ளுக்குள் தொடர்ந்து கெடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோயாளி தேறி வருவதாகவே தோன்றும்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெங்களூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரை வீட்டு வாயிலுக்கே செல்கிறது. பெங்களூரில் 'நம்ம கிளினிக்' என்னும் வட்டார நிலையங்கள் உள்ளன. மாத்திரையை எடுத்துச் செல்லும் பணியாளர், எத்தனை ஆண்டுகளாக இதை உட்கொள்கிறீர்கள் என்று கேட்பது ஒரு நிமிட வேலை. நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் என்றால், முட்டையும் மீனும் உண்பதுண்டா, பாதம் எரிகிறதா என்று அடுத்துக் கேட்கலாம். விடை ஐயத்துக்கு இடமளித்தால் மருத்துவரிடம் அனுப்பி இரத்தத்தில் பி-12 பார்க்கச் செய்யவேண்டும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோர்க்கு அவ்வப்போது இப்பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது; பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையமும் 2022-இல் இதனை வலியுறுத்திற்று. குறைவு உறுதிப்பட்டால் ஊசியாகவோ மாத்திரையாகவோ பி-12 கொடுப்பர். மெட்ஃபார்மினை நிறுத்தவேண்டியதில்லை. பணியாளர் இதனை அழுத்திச் சொல்லவேண்டும். மாத்திரையால் நரம்பு கெடும் என்று அரைகுறையாகக் கேட்டவர் மறுநாளே மாத்திரையை எறிந்துவிடுவார். அதனால் வரும் கேடு பி-12 குறைவைவிடப் பெரியது.

துத்தநாகமும் குரோமியமும்

கணையத்தில் இன்சுலின் சேமிக்கப்படும்போது ஆறு ஆறு மூலக்கூறுகளாகக் கூடி, நடுவே துத்தநாக அணுக்களைக் கொண்டிருக்கும். துத்தநாகம் சேர்ந்தால்தான் இன்சுலின் நன்கு படிகமாகும் என்பதை டொராண்டோவில் டி. ஏ. ஸ்காட் 1934-இல் கண்டார். அப்படிகத்தின் அமைப்பை, முன்னர்க் கூறிய டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் சுமார் 35 ஆண்டுக்கால முயற்சிக்குப் பின் 1969-இல் வெளியிட்டார். அக்குழுவில் பணியாற்றியவர்களுள் ஒருவர் எம். விஜயன். பின்னர் பெங்களூரில் நாம் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குத் திரும்பி, இந்நாட்டில் புரதப் படிக ஆராய்ச்சியை வளர்த்து, 2022-இல் காலமானார். பி-12, இன்சுலின் ஆகிய இரண்டின் உருவத்தையும் உலகுக்குக் காட்டியவர் ஒருவரே என்பதும், அவருடைய மாணாக்கர் வழி நம் ஊரில் தழைத்தது என்பதும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்கவை.

இன்சுலினுக்குத் துத்தநாகம் வேண்டும் என்பதிலிருந்து, துத்தநாக மாத்திரை உண்டால் இன்சுலின் பெருகும் என்று பெறப்படாது. செங்கலுக்கு மண் தேவை. மண்ணைக் கொட்டினால் மட்டும் வீடு எழும்புவதில்லை. குறைவு உள்ளவருக்கு ஈடுசெய்தல் தகும், அவ்வளவே.

குரோமியத்தின் கதை ஏற்ற இறக்கம் உடையது. 1950-களின் இறுதியில் ஷ்வார்ட்ஸ், மெர்ட்ஸ் என்ற இருவர், எலிகள் சர்க்கரையைக் கையாளக் குரோமியம் உதவுகிறது என்றனர். 1977-இல் டொராண்டோவில் ஜீஜீபாய் என்பவரும் பிறரும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினர். மூன்றாண்டுகளுக்கு மேலாக இரத்தக் குழாய் வழியாகவே உணவு பெற்று வந்த அவருக்குச் சர்க்கரை ஏறிற்று. உணவுக் கரைசலில் குரோமியம் சேர்த்ததும் சீரடைந்தது. 1997-இல் சீனாவில் 180 பேரிடம் நடந்த சோதனையும் நம்பிக்கை அளித்தது. ஆயினும் பிற நாடுகளில் திரும்பச் செய்த சோதனைகள் ஒத்த முடிவைத் தரவில்லை. 2014-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிலையம், குரோமியம் மனிதனுக்கு இன்றியமையாதது என்பதற்கே உறுதியான சான்று இல்லை என்று கூறிவிட்டது. குப்பியின் மேலட்டைகளில் மட்டும் அது முதலிடத்தை விட்டு இறங்கவில்லை.

மக்னீசியமும் தானியமும்

மக்னீசியம் வேறு வகையானது. இன்சுலின் அணுச் சுவரைத் தட்டியபின் உள்ளே நிகழும் வேதி மாற்றங்கள் பலவற்றுக்கு மக்னீசியம் வேண்டும். சர்க்கரை மிகுந்து சிறுநீர் பெருகும்போது மக்னீசியமும் அதனோடு வெளியேறும். குறைந்தால் இன்சுலினின் வலிமை குன்றும். சர்க்கரை மேலும் ஏறும். இந்தச் சுழலை உடைக்க மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளில், குறைவு உடையோர்க்குச் சிறிது நன்மை காணப்பட்டது. ஏனையோர்க்கு நிலையான பயன் தெரியவில்லை. இதனை மாத்திரையாக அல்லாமல் உணவாகப் பெறுவதே எளிது.

உணவுச் சத்து ஆராய்ச்சியில் தென்னாட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய் பற்றி ஆராயத் தொடங்கிய சிறு நிலையமே, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அரிசியைத் தீட்டித் தவிட்டை நீக்குந்தோறும் பி-1 என்னும் தயாமின் நீங்குகிறது. நெல்லைப் புழுக்கினால் அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கி நிலைக்கிறது. தயாமின் செய்தி நீரிழிவாளருக்கும் உரியது. அவர்களுடைய சிறுநீரகம் அதனை மிகுதியாக வெளியேற்றிவிடுவதால் இரத்தத்தில் அளவு வெகுவாகத் தாழ்கிறது என்று இங்கிலாந்தில் 2007-இல் கண்டனர். லாகூரில் 40 நோயாளிகளுக்கு மூன்று மாதம் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தபோது, சிறுநீரில் புரதக் கசிவு குறைந்ததாக 2009-இல் செய்தி வந்தது. சோதனை சிறியது; இதைக்கொண்டு மருந்தாகப் பரிந்துரைக்க இயலாது.

லிங்கராஜபுரத்தில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் ராகிக் களியும் அடுத்த வீட்டில் அரிசிச் சோறும் வேகும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் மக்னீசியம் 146 மில்லிகிராம், கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியிலோ முறையே 19-ம் 7-ம் மட்டுமே. துத்தநாகமும் ராகியில் இரு மடங்கு. இதைக் கண்டதும் ராகி நீரிழிவுக்கு மருந்து என்று சொல்லிவிடுகின்றனர். அதே ராகியில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது விரைவில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறும். களியுருண்டை பெரிதாயின் சோற்றைக் குறைத்ததன் பயன் அதிலேயே போய்விடும். அளவான களி, அதனோடு தாராளமாகக் கீரையும் பயறும் என்ற பழக்கமே கொள்ளத்தக்கது. ராகியை முளைகட்டி அரைத்தால் தாதுக்களைப் பிணித்து வைக்கும் பைட்டிக் அமிலம் குறைந்து, உடல் அவற்றை எளிதில் ஏற்கும்.

டி வைட்டமின் பற்றிச் சுருங்கக் கூறலாம். வெயில் மிகுந்த நம் நாட்டிலும் இக்குறைவு பரவலாக உள்ளது. எலும்புக்கு அது வேண்டும். நீரிழிவைத் தடுக்குமா என்பதை அறிய, நீரிழிவின் வாயிலில் நின்ற 2,423 பேரிடம் அமெரிக்காவில் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 4,000 அலகு பெற்றவர்களில் 293 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 323 பேருக்கும் நீரிழிவு வந்தது. வேறுபாடு தற்செயல் என்று ஒதுக்கத்தக்க அளவே. இத்தகைய மூன்று சோதனைகளை ஒன்று கூட்டிக் கணக்கிட்டபோது 15 சதவீதக் குறைவு தெரிகிறது என்று 2023-இல் எழுதினர். இது வாயிலில் நிற்போர்க்கு உரியது. நோய் வந்துவிட்டவர்க்கு மருந்தன்று.

சத்தாலும் தீங்கு வரும்

செலினியம் நீரிழிவைத் தடுக்கும் என்று எதிர்பார்த்த காலம் உண்டு. தோல் புற்று நோயைத் தடுப்பதற்காக அமெரிக்காவில் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்து நடத்திய நீண்ட சோதனையின் பதிவுகளை 2007-இல் புரட்டிப் பார்த்தபோது, செலினியம் உண்டவர்களுக்கே நீரிழிவு மிகுதியாக வந்திருந்தது. நயாசின் என்ற பி-3 வைட்டமினைப் பெரிய அளவில் உட்கொண்டால் சர்க்கரை ஏறும். சிறுநீரகம் தளர்ந்தவர், உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசிய உப்பையும் பொட்டாசியச் சத்துக்களையும் தாமாக உட்கொண்டால் இதயமே நின்றுவிடும் அபாயம் உண்டு. உடலில் இரும்பு அளவுமீறிச் சேர்ந்தால் கணையம் கெட்டு நீரிழிவே வரும்.

இரும்பு குறைந்தாலும் ஒரு சிக்கல் நேர்கிறது. 'எச்பிஏ1சி' எனப்படும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை, சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. இரும்புக் குறைவால் சோகை உற்றவரிடம் இவ்வளவு உண்மையைவிட உயர்ந்து காட்டக் கூடும். சோகை மிகுந்த பெண்களிடையே பணிபுரிவோர், இவ்வொரு எண்ணை மட்டும் கண்டு அச்சுறுத்தாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் உணவுக்குப் பின் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்குமாறு அனுப்புதல் நன்று.

நோய் வருமுன் தடுப்பதில் நிறுவப்பெற்ற வழி எது என்று கேட்பார்க்கு, சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். அறிவுரை எதுவும் சிறப்பாகப் பெறாதவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி நாள்தோறும் விரைவாக நடந்தவர்களில் அது 39.3 சதவீதம். இதில் எந்தச் சத்துக் குப்பியும் இடம்பெறவில்லை.

சுகாதார முகாம்களில் பாதப் பரிசோதனைக்கு வேண்டியவை மிகக் குறைவு. பத்து கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழை ஒன்று, 128 அதிர்வு கொண்ட இசைக்கவை ஒன்று. பின்னது உயர்நிலைப் பள்ளியின் பௌதிகச் சோதனைச் சாலையிலேயே இருக்கக் கூடும். நோயாளியைக் கண்மூடச் செய்து, பெருவிரலின் எலும்பின்மேல் அதிரும் கவையை வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்க வேண்டும். நமக்கு அதிர்வு கைக்குத் தெரியும்போதே அவருக்கு நின்றுவிட்டதாயின் அவரை மருத்துவரிடம் அனுப்பலாம். அனுப்பும்போது ஒன்றை நினைவூட்டவேண்டும்: பி-12 அளவுக்கு இரத்தம் எடுத்த பின்னரே அவ்வைட்டமின் ஊசியோ மாத்திரையோ தொடங்கவேண்டும். முன்னரே கடையில் வாங்கி உண்டுவிட்டால் அளவு உயர்ந்து காட்டும். குறைவு இருந்ததா என்பதை அதன்பின் அறிதல் கடினம்.